றிஸ்லாவின் படத்தில் மூன்று குறைகள்

‘குறைகள்’ என்ற பெட்டியில் ரதீஸ் மூன்று வரி எழுதியிருக்கக் கூடாது. வெறுமையாக விட்டிருந்தால், அல்லது ஒரு கோடு கீறி விட்டிருந்தால், எல்லாம் அன்றைக்கே நல்லபடி முடிந்திருக்கும்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு பிரதேச செயலகத்தில் அவன் அபிவிருத்தி உத்தியோகத்தர். எந்தச் செயலகம் என்று சொன்னால் அவனுக்கு இடமாற்றம் வரும், ஆகவே வேண்டாம். அபிவிருத்தி உத்தியோகத்தர் என்பவர் சரியாக என்ன செய்பவர் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் செய்யாத வேலையெல்லாம் அவர் மேசைக்கு வரும். டெங்கு ஒழிப்பு வாரத்து ஊர்வலத்துக்குப் பதாகை எழுதுவது, தெருவில் அலையும் கட்டாக்காலி மாடுகளைப் பற்றி அறிக்கை அனுப்புவது என்று எட்டு வருடத்தை ஓட்டிய ரதீசிடம், கலாசார உத்தியோகத்தர் பிரசவ விடுமுறையில் போனதும் இளையோர் குறும்பட விழாவும் வந்து சேர்ந்தது.

விழாவுக்கு வந்த படம் ஒன்றே ஒன்று. எடுத்தவள் ஏறாவூர் றிஸ்லா, இருபது வயது. வாப்பா கத்தாரிலிருந்து அனுப்பிய போனிலேயே முழுப் படத்தையும் எடுத்திருந்தாள். பெயர் ‘இலக்கம் இல்லாதவள்’.

“இது என்ன வகைப் படம், தங்கச்சி?” என்று கேட்டான் ரதீஸ்.

“டிஸ்டோபியன் சேர்.”

“அப்பிடியெண்டா?”

“எதிர்காலத்துல ஒரு ஊர் எப்பிடிக் கெட்டுப்போகும் எண்டு இப்பவே காட்டி வெருட்டுற. இளம் ஆக்கள் பாக்கிறத்துக்கு.”

“வெருட்டுறதா?”

“திருந்தட்டும் எண்டுதான் சேர்.”

ரதீசுக்கு யாரையும் வெருட்டிப் பயம் காட்டிப் பழக்கம் இல்லை. வீட்டில் கோழியைக் கூட ‘போங்க’ என்றுதான் துரத்துவான். இருந்தாலும் றிஸ்லாவின் மடிக்கணினிக்கு முன்னால் நாற்பது நிமிடம் அசையாமல் இருந்து பார்த்தான்.

இரண்டாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டு. வாவியைச் சுற்றி ஒரு நகரம். பதினாறு வயதானதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பரீட்சை வைத்துக் கையில் ஓர் இலக்கம் குத்துவார்கள். அந்த இலக்கம்தான் என்ன வேலை, எந்தத் தெரு, யாரோடு கல்யாணம் என்று தீர்மானிக்கும். தண்ணீருக்கு நாள் முழுக்க வரிசை. வரிசையில் அழுதவர்களையும் முறைப்பாடு சொன்னவர்களையும் தோணியில் ஏற்றி அக்கரைக்கு அனுப்புவார்கள். போனவர்கள் திரும்பி வந்ததில்லை. இலக்கம் குத்திக்கொள்ள மறுக்கும் ஒரு பெண் ஊரைத் திரட்டி, பதிவேட்டை எரித்து, ஒரு பேச்சும் பேசுவாள்.

ரதீசுக்குப் படம் பிடித்துவிட்டது. கதாநாயகியின் முகம் ஒன்றும் பேசாமலே எல்லாவற்றையும் சொன்னது. பனிச்சங்கேணியில் எடுத்த காட்சியில், விடியற்காலைப் பனிமூட்டத்துக்குள் அந்தத் தோணி போகும் இடத்தில் அவனுக்குக் கண் கலங்கியது. உண்மையான குறைகளும் கண்ணில் பட்டன. கதாநாயகியின் பேச்சு ஒன்பது நிமிடம். புரட்சிக்கு வந்த சனம் நடுவில் கொட்டாவி விடுவது தெளிவாகவே தெரிந்தது. அவளைக் காதலிக்கும் இரண்டு பையன்களும் ஒரே மாதிரித் தாடி வைத்திருந்ததால், அவள் கடைசியில் யாரைத் தேர்ந்தாள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. வில்லன் அதிகாரியாக நடித்த கொக்கட்டிச்சோலைப் பையன் யதுர்ஷன், சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, மூன்றாவது காட்சியிலேயே கோட்டு நுனியால் கழுத்தைத் துடைத்தான்.

“எப்பிடி சேர்?” றிஸ்லா விரலைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“நல்லா இருக்கு தங்கச்சி. உண்மையா நல்லா இருக்கு.”

“அப்ப சேட்டிபிகேட் தருவீங்களா? கொழும்புல ஆறு மாசம் படம் எடுக்கப் படிக்கலாம் சேர். நம்மட மாவட்டத்துக்கு ஒரு இடம்தான். தெரிவு செய்ற மிஸ் விழாவுக்கு நேர வந்து பாப்பாவாம். உங்கட கந்தோர் சேட்டிபிகேட் இல்லாட்டி பாக்கவே மாட்டாவாம். கிடைச்சாப் போ எண்டு வாப்பா சொல்லிட்டார். இது இல்லாட்டி எனக்கு வேற வழி இல்ல.”

“அத நான் பாக்கிறன். நீங்க யோசிக்காம வீட்ட போங்க.”

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அன்று பின்னேரமே படிவத்தை எடுத்து, ‘நிறைகள்’ பெட்டியை நிரப்பி, இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினான். ‘குறைகள்’ பெட்டி வெறுமையாக இருந்தால் படத்தைப் பார்க்கவே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம் வந்தது. பெரிய குறைகளை எழுத மனம் வரவில்லை. பிள்ளை மனம் உடைந்துவிடும். ஆகவே ஒருவரையும் நோகடிக்காத சின்னக் குறைகள் மூன்றைத் தேடி எழுதினான்.

ஒன்று, தண்ணீர் வரிசைக் காட்சி நீளம். இரண்டு, இலக்கம் வழங்கும் காட்சியில் மாணவர் அழுகை கூடுதல். மூன்று, தோணிக் காட்சியில் ஒலி தெளிவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அரசாங்கக் கந்தோரில் எட்டு வருடம் எழுதிய கை, கையொப்பத்தோடு நிற்காது. அதற்குக் கீழே ‘பிரதி’ என்று எழுதினால்தான் அதற்கு நித்திரை வரும். தண்ணீர் என்று கண்டதும் தண்ணீர்க் கந்தோருக்கு ஒரு பிரதி. மாணவர் என்று கண்டதும் கல்விக் கந்தோருக்கு ஒரு பிரதி. தோணி என்று கண்டதும் கடற்றொழில் கந்தோருக்கு ஒரு பிரதி. மூன்றுக்கும் பக்கத்தில் ‘தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும்’ என்று அழகாக எழுதி, தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மூன்றாம் நாள் காலை தொலைபேசி அடித்தது.

“ரதீசா? தண்ணிக் கந்தோர்ல இருந்து பேசுறன். தண்ணிக்கு நீளமான வரிசை எண்டு லெட்டர் போட்டிருக்கிறீங்க. எவடத்த?”

“அது படத்துல சேர்.”

“எந்தப் படத்துல?”

“ரெண்டாயிரத்துத் தொண்ணூறுல நடக்கிற ஒரு படம்.”

மறுமுனையில் கோப்புப் புரட்டும் சத்தம் கேட்டது.

“தொண்ணூறுல நம்மட திட்டம் எல்லாம் முடிஞ்சிருக்குமே! வீட்டுக்கு வீடு பைப் இருக்கும். மறுகா எப்பிடி வரிசை வரும்?”

“சேர், அது கற்பனை.”

“கற்பனைய ஏன் ஐசே கந்தோர்க் கடிதத்துல அனுப்பின நீங்க?”

ரதீஸ் மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தான். உடனே கல்விக் கந்தோர் அம்மா அழைப்பு எடுத்தார்.

“பிள்ளைகள் கூடுதலா அழுறாங்களாம். எந்தப் பாடசாலை? அதிபர் யாரு?”

“அது நடிப்பு அம்மா.”

“அழுறது நடிப்பெண்டா, நடிக்க வச்சது யாரு? பெற்றோரிட்ட சம்மதக் கடிதம் எடுத்தீங்களா?”

மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது கடற்றொழில் பரிசோதகர் நேரிலேயே வந்துவிட்டார். படத்தை எங்கேயோ அரைவாசி பார்த்திருந்தார் போலிருந்தது.

“தோணியில பதிவு இலக்கத்தக் காணல்ல. பதினொரு பேர் ஏறியிருக்கிறாங்க. ஒருத்தரும் உயிர்காப்பு அங்கி போடல்ல.”

“ஐயா, அவங்கள ஊர விட்டுத் துரத்துறாங்க.”

“துரத்தினாலும் அங்கி போட்டுத்தான் துரத்த வேணும். வாவி யாருக்கும் மச்சான் இல்ல.”

ரதீஸ் சோற்றுப் பார்சலை மறுபடி சுற்றி வைத்தான். அவன் மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்காமலே வளர்ந்தவன். தன்னால் மூன்று கந்தோர் குழம்பி நிற்பதை அவனால் தாங்க முடியவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். முதல் கடிதத்தை வாபஸ் வாங்கி இன்னொரு கடிதம் எழுதினான்: ‘மேற்படி மூன்றும் குறைகள் அல்ல என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன்.’

வாபஸ் கடிதத்துக்கும் முதல் கடிதம் போன எல்லா இடத்துக்கும் பிரதி போக வேண்டும். அது நடைமுறை. வாபஸ் என்றபடியால் மேலதிகாரிக்கும் ஒன்று போக வேண்டும். அதுவும் நடைமுறை. இப்படித்தான் அதுவரை ஒன்றுமே தெரியாமல் நிம்மதியாக இருந்த உதவிப் பிரதேச செயலாளர் அன்னப்பூரணி மேடத்துக்கும் விஷயம் தெரிய வந்தது.

மேடம் இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ரதீஸ், திங்கக்கிழமை தண்ணிக்கு வரிசை நிக்கிறது குறை எண்டு எழுதியிருக்கிறீங்க.”

“ஓம் மேடம்.”

“வியாழக்கிழமை அது குறை இல்ல எண்டு எழுதியிருக்கிறீங்க. அப்ப சனம் தண்ணிக்கு வரிசையில நிக்கலாம், பிள்ளைகள் அழலாம், அங்கி இல்லாமத் தோணியில போகலாம், அதெல்லாம் ஒரு குறையே இல்ல எண்டு நம்மட கந்தோர் சொல்லுதா?”

ரதீஸ் மூன்றாவது கடிதம் எழுதப் பேனையை எடுத்தான்.

“பயப்படாதீங்க. எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைப்பம். பேசினாத் தீராத விசயம் இல்ல.”

கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். ரோல்ஸும் தேநீரும் வந்தன. றிஸ்லா மடிக்கணினியை விரித்துவிட்டு மூலையில் நின்றாள். ரதீஸ் அவளைப் பார்த்துத் தைரியமாகத் தலையாட்டினான். தலை ஆடியதே தவிர தைரியம் வரவில்லை.

ஒருவரும் கெட்டவர்கள் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். எல்லாரும் பிள்ளைக்கு உதவி செய்யத்தான் வந்திருந்தார்கள். “குழாயில தண்ணி வாற மாதிரி ஒரு காட்சி போடுங்க, அவ்வளவுதான்,” என்றார் தண்ணீர்க் கந்தோர் ஐயா. “பிள்ளைகள் இலக்கம் வாங்கக்குள்ள சிரிச்சா என்ன? பக்கத்துல ஒரு ஆசிரியர நிப்பாட்டுங்க, வாழ்த்தட்டும்,” என்றார் கல்விக் கந்தோர் அம்மா. கடற்றொழில் பரிசோதகர் தன் சொந்தப் பொறுப்பில் பதினொரு அங்கி இரவல் தருவதாகவும் சொன்னார்.

“அங்கி போட்டுக்கிட்டு அழுதா நல்லா இருக்காதே,” என்று யோசித்தார் மேடம். “கை காட்டிக்கிட்டுப் போகட்டும்.”

“எங்க போறாங்க மேடம்?” என்றாள் றிஸ்லா, முதல் தடவையாக.

“அக்கரைக்கு. பாத்திட்டு வரட்டுமே.”

பதிவேட்டை எரிக்கும் காட்சி வந்ததும் மேடம் உண்மையாகவே கலங்கிவிட்டார். “ஐயோ, அரசாங்கப் பதிவேடு! அழிக்கிறதெண்டா அதுக்கு ஒரு குழு இருக்கு. மூண்டு பேர் கையொப்பம் வைக்கோணும். அந்தப் பிள்ள ஒரு விண்ணப்பம் குடுக்கட்டும்.”

ஒன்பது நிமிடப் பேச்சைப் பற்றி விவாதமே இல்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தபடியால், ‘எல்லாருக்கும் நன்றி’ என்று மட்டும் அவள் சொன்னால் போதும் என்று முடிவாயிற்று. கடைசியாக வில்லன்.

“அரச அதிகாரி ஒருத்தர் சனத்த வெருட்டுற மாதிரிக் காட்டினா நமக்கு அழகில்ல,” என்றார் மேடம். “நான் படத்துக்கு எதிரி இல்ல மகள். நானும் சின்ன வயசுல நாடகம் நடிச்சனான்தான். அவர் கொஞ்சம் அன்பாப் பேசட்டும். சிரிச்ச முகமா இருக்கட்டும். இதெல்லாம் மாத்தினாச் சேட்டிபிகேட்டுல நானே கையொப்பம் வைக்கிறன்.”

கூட்டம் முடிந்து வெளியே மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் றிஸ்லா தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சேர், இனி என்ட படத்துல என்ன மிச்சம் இரிக்கி?”

ரதீஸ் நன்றாக யோசித்தான். “பனிமூட்டம் இருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடியும் இடத்தில் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ரதீசுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“எல்லாம் என்னால வந்தது தங்கச்சி. அந்தப் பிரதியப் போடாம விட்டிருக்கலாம். மன்னிச்சுக்கங்க.”

“நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க சேர்.” அவள் கண்ணைத் துடைத்தாள். “மாத்துவம். எல்லாத்தையும் மாத்துவம். எனக்கு அந்தக் கொழும்பு இடம் வேணும். அங்க போய்ப் படிச்சிட்டு வந்து, இதே படத்த முதல்ல இருந்து எடுக்கிறன் பாருங்க.”

விழாவுக்கு இருந்தது ஒன்பது நாள். றிஸ்லாவின் மாமாவின் நெசவுக் கொட்டிலில் மறுபடி படப்பிடிப்பு தொடங்கியது. ரதீஸ் தினமும் கந்தோர் முடிந்ததும் அங்கே போய் நின்றான். குடை பிடித்தான், ரொட்டி வாங்கிக் கொடுத்தான், லைட்டைத் தூக்கினான். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் காட்சியை அழகாக எடுத்தார்கள். இலக்கம் வாங்கும் பிள்ளைகள் பல் தெரியச் சிரித்தார்கள். பனிமூட்டத்துக்குள் செம்மஞ்சள் அங்கி போட்ட பதினொரு பேர் கை காட்டிக்கொண்டு போனார்கள்.

சிக்கல் வரிசையில் வந்தது. வரிசைக்கு வந்து நின்ற அறுபது பேரும் வேளாண்மை வெட்டுக்கு வயல்வட்டைக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூட்ட முடியாது. பழைய வரிசையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

“குழாயில தண்ணி கொட்டுது. மறுகா இந்தச் சனம் எதுக்கு நிக்குது சேர்?” என்றாள் றிஸ்லா தலையில் கை வைத்து.

பிழை தன்னுடையது, தீர்வும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ரதீஸ் முன்னுக்கு வந்தான். “வரிசையின்ட முடிவுல ஒரு மேசை போடுவம். யதுர்ஷன் அதுல இருக்கட்டும். ஆக்கள் ஒரு கடதாசி குடுக்கட்டும்.”

“என்ன கடதாசி?”

“ஏதோ ஒண்டு. அத ஆரு பாக்கப்போறாங்க?”

“யதுர்ஷன் என்ன பேசுற? முந்தி, ‘அழுதவனுக்குத் தண்ணீர் இல்லை’ எண்டு கத்துவான். இப்ப அன்பாப் பேசோணுமே?”

ரதீஸ் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, ரொட்டி சுற்றி வந்த கடதாசியில் இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, யோசிக்கவே தேவைப்படவில்லை.

‘கவலப்படாதீங்க. உங்கட விசயம் மேலிடத்துக்குப் போயிருக்கு. அடுத்த புதன்கிழமை வாங்க.’

“சேர், உங்களுக்குக் கதை வசனம் எல்லாம் வருமே!” என்றாள் றிஸ்லா.

ரதீஸ் வெட்கப்பட்டான். வாழ்க்கையில் அவன் எழுதியதில் ஒருவர் பாராட்டிய முதல் வரி அதுதான். கறுப்புக் கோட்டைக் கழற்றி வெள்ளைச் சட்டைக்கு மாறியதும் யதுர்ஷனுக்கும் வியர்வை நின்று நடிப்பு வந்துவிட்டது. கடதாசியை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு தரம் புரட்டிப் பார்த்து, அந்த மூன்று வரியையும் புன்சிரிப்போடு சொல்லி, ‘அடுத்த ஆள்’ என்றான். அடுத்த ஆளுக்கும் அதையே சொன்னான். நேரம் நிரப்புவதற்காக அதையே பதினான்கு தடவை எடுத்து ஒட்டினார்கள்.

அன்னப்பூரணி மேடம் திருத்திய படத்தைப் பார்த்துவிட்டு, “பாத்தீங்களா, பேசினாத் தீரும் எண்டு சொன்னனே,” என்று சேட்டிபிகேட்டில் கையொப்பம் வைத்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு விழா. மண்டபம் நிரம்ப வேண்டும் என்று கிராம உத்தியோகத்தர்கள் எல்லாருக்கும் கடிதம் போயிருந்தது. அவர்கள் கைக்குக் கிடைத்தவர்களை அனுப்பியிருந்தார்கள். முன் பாதியில் இளம் பிள்ளைகள். பின் பாதியில், பொதுமக்களைச் சந்திக்கும் புதன்கிழமைகளில் கந்தோரில் காணும் முகங்கள். செயலகத்திலிருந்து கூப்பிட்டதால், கடதாசி வேலைகளை அங்கேயே முடித்துக் கொடுக்கும் நடமாடும் சேவை என்று நினைத்துக் கடதாசிப் பையோடு வந்திருந்தார்கள். படம் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் பையை யாரும் கீழே வைக்கவில்லை.

கொழும்பிலிருந்து தெரிவுக்கு வந்த ஹஸீனா மிஸ் முன் வரிசையில் இருந்தார். மெலிந்த உடம்பு, கையில் பேனை, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ரதீஸ் சுவரோடு ஒட்டி நின்றான். றிஸ்லா அவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

படம் ஓடியது. தண்ணீர் கொட்டியது, தண்ணீர்க் கந்தோர் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், கல்விக் கந்தோர் அம்மாவும் சிரித்தார். வரிசை வந்தது. யதுர்ஷன் முதல் கடதாசியை வாங்கி, “கவலப்படாதீங்க,” என்றதும் பின்பக்கத்தில் இருந்த சலசலப்பு நின்றுபோனது. பதினான்காவது தடவை அவன் அதைச் சொல்லும்போது மண்டபத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. சனத்துக்குப் படம் பிடிக்கவில்லை என்று ரதீஸ் நினைத்தான். கதாநாயகி விண்ணப்பம் கொடுத்து, ‘எல்லாருக்கும் நன்றி’ என்று சொல்லி, தானும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். படம் முடிந்தது.

முன் வரிசை அதிகாரிகள் மட்டும் கை தட்டினார்கள்.

ஹஸீனா மிஸ் மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

“நிறைகள முதல்ல சொல்றன். பனிமூட்டத்துல எடுத்த காட்சி, பெரிய கெமராக்காரர்களாலயும் லேசில எடுக்க ஏலாது. நடிச்ச பிள்ளைட முகம் அருமை. ஆனா இத எதிர்காலத்தப் பத்தின எச்சரிக்கைப் படம் எண்டு அனுப்பியிருக்கிறீங்க. எச்சரிக்கை எண்டா ஒரு ஆபத்து இருக்கோணும். இந்த ஊர்ல தண்ணி வருது, பிள்ளைகள் சிரிக்கிறாங்க, அதிகாரி அன்பாப் பேசுறார். எதப் பாத்து நாங்க பயப்படுற?”

றிஸ்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இந்தப் பிள்ளைக்கு இடம் குடுக்க எனக்கு விருப்பம்,” என்றார் ஹஸீனா மிஸ். “படம் யாரையாவது தொட்டிருக்கு எண்டு தெரிஞ்சாப் போதும், இப்பவே கையொப்பம் வைக்கிறன். பாத்தவங்க யாராவது சொல்லுங்க. இந்த ஊர்ல என்ன குறை?”

தண்ணீர்க் கந்தோர் ஐயா, “குறை ஒண்டும் இல்ல,” என்று இருந்த இடத்திலிருந்தே பெருமையாகச் சொன்னார்.

எட்டு வருடத்தில் முதல் தடவையாக, மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கையைத் தூக்கினான்.

“மிஸ், இது அந்தப் பிள்ளைட பிழை இல்ல. முந்தி எடுத்த படம் வேற. அதக் கெடுத்தது நான்தான். நான் ஒரு கடிதம் எழுதி...”

“ரதீஸ்!” என்றார் அன்னப்பூரணி மேடம்.

“நில்லுங்க தம்பி, நான் ஒரு சொல்லுச் சொல்றன்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சீதேவிப்பிள்ளை எழும்பி நின்றார். காணி அனுமதிப்பத்திரம் ஒன்றுக்காகக் கந்தோருக்கு நடையாய் நடக்கும் பெண், ஐம்பது வயதிருக்கும். மைக் அவர் கைக்குப் போவதற்குள் பாதிச் சனம் திரும்பிப் பார்த்தது. கடதாசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

“மகள், கோவிக்கப்படாது. படம் நல்லாத்தான் இருக்கு. அந்தச் சிரிக்கிற ஐயாவக் கண்டதும் எனக்குக் கை காலெல்லாம் விறைச்சுப் போச்சு. என்ட பக்கத்துல இருந்தவ அழுதே போட்டா. குறை எண்டா ஒண்டே ஒண்டுதான்.”

“சொல்லுங்க அம்மா,” என்றார் ஹஸீனா மிஸ், பேனையைத் திறந்து.

“எதிர்காலம் எண்டு சொல்லி எங்களக் கூப்பிட்டுப்போட்டு, போன புதன்கிழமை கந்தோர் வரிசையத்தானே படம் புடிச்சுக் காட்டியிருக்கிறீங்க, ஒம்பது மாசமா அதுல நிக்கிற என்னய மட்டும் ஏன் மகள் வெட்டின நீங்க?”